ரிப்போர்ட் நார்மல்... கால் மட்டும் வரலை!

"அவன் நடிக்கிறான்!"

வீட்டில் இந்த வார்த்தையை முதலில் சொன்ன புண்ணியவான் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம், அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12-ல் ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் பலியானார்களே, அதே அச்சங்குளம்தான். என் மாமா மகன் வேறு ஆலையில் வேலை பார்த்தான். சத்தம் கேட்டு ஓடியவர்களில் அவனும் ஒருவன். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சரியாகிவிட்டான் என்றுதான் நினைத்தோம்.

மூன்று மாசம் போயிருக்கும். ஒருநாள் காலையில் எழுந்தான். வலது கால் வரவில்லை! மரக்கட்டை மாதிரி இழுத்துக்கொண்டு நின்றான்.

பக்கவாதமோ என்று பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். (அது சரியான காரியம். கை, கால் திடீரென்று விழுந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.) ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். "பையனுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒண்ணும் இல்லாதவன் ஏன் நடக்க மாட்டேன் என்கிறான்?

அத்தை கோடாங்கியை அழைத்து வந்தார். அவர் உடுக்கை அடித்ததில் தெருவே எழுந்தது. கால் மட்டும் எழவில்லை! "வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்றார் மாமா. நான் சொன்னதைத்தான் முதல் வரியிலேயே படித்துவிட்டீர்கள். பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் நைசாக நழுவிவிட்டார்கள். அவன் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான்.

கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். கட்டிலில் படுக்க வைத்து, வலது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "அழுத்துங்க" என்றார். பலமே இல்லை. "சரி, அதை விடுங்க. இடது காலை மேலே தூக்குங்க" என்று சொல்லி, இன்னொரு கையால் அந்தக் காலைத் தூக்கவிடாமல் அமுக்கினார். அவன் முக்கித் தூக்க, வராத வலது கால் டாக்டர் கையை நன்றாகவே அழுத்தியது!

"மாட்டிக்கிட்டான்!" என்று சிரித்தேன்.

டாக்டரம்மா முறைத்தார். "தம்பி, இது திருடனைப் பிடிக்கிற டெஸ்ட் இல்லை. 1908-ல் ஹூவர்ங்கற அமெரிக்க டாக்டர் எழுதி வச்சது. கால்ல பலம் இருக்கு. இவர் நினைச்சுக் கூப்பிட்டா வரலை. கவனம் வேற பக்கம் போனா, தானா வருது. நோயே அதுதான்."

நோயின் பெயர் ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிஸார்டர். சுருக்கமாக எஃப்.என்.டி. ரேடியோப் பெட்டி நன்றாக இருக்கிறது, ஸ்டேஷன் நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் படம் எடுத்தால் கோளாறு தெரியுமா? சிலருக்குக் கால் விழும், சிலருக்குக் கை நடுங்கும், பேச்சு நிற்கும், வலிப்பு மாதிரியே வரும். எதுவும் வேண்டுமென்று செய்வதில்லை.

ஒரு காலத்தில் இதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர். கிரேக்க மொழியில் கர்ப்பப்பை என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, பெண்கள் சமாசாரமாம்! ஆண்களுக்கும், உடலுழைப்புத் தொழிலாளிகளுக்கும்கூட வருகிறது என்று 19-ம் நூற்றாண்டிலேயே பாரிஸில் காட்டினார் ஷார்க்கோ என்ற டாக்டர்.

"அந்த வெடிச் சத்தம்தான் காரணமா டாக்டர்?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. அதிர்ச்சிக்கு அப்புறம் வரலாம், அடிபட்டு வரலாம், ஒரு காரணமும் தெரியாமலும் வரலாம்" என்றார். மன உளைச்சலைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-லேயே தங்கள் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

வைத்தியம்? முதல் மருந்து, நோயாளிக்குப் புரியும்படி விளக்குவது. அடுத்தது, இந்த நோய் தெரிந்த பிசியோதெரபிஸ்ட். நம்மாளைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னார்கள். நடந்தான்! பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். இன்னும் நன்றாக நடந்தான். சிலருக்கு மனநல ஆலோசனையும் உதவும். அதற்காகப் பைத்தியம் என்று அர்த்தமில்லை. 14416-க்கு போன் செய்தால் 'டெலி மானஸ்' அரசு சேவையில் இலவசமாகப் பேசலாம், 2022-லிருந்து இருக்கிறது.

இன்னொன்று. வலிப்பு போல வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். எஃப்.என்.டி. வலிப்பு, காக்காய் வலிப்பு மாத்திரைக்கு அடங்காது. இரண்டுமே ஒருவருக்கு இருக்கலாம் என்பதால் மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தக் கூடாது.

ஆறு மாசத்தில் மாப்பிள்ளை வேலைக்குப் போனான். இப்போது சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறான். சில நாள் கால் மக்கர் பண்ணும். அன்றைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவான்.

போன பொங்கலுக்கு, "மன்னிச்சிடுடா, நடிக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"போ மச்சான்! நடிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சிவகாசியில் காலண்டர் அடிக்கறேன்? காலண்டர்ல என் படமே வந்திருக்குமே!"