ஒரு மட்டையும் ஒரு கோலும்

சேலத்து மாணவரிடம் சிறந்த பந்து வீச்சாளர் யாரென்று நான் கேட்கும்போதெல்லாம், சின்னப்பம்பட்டி நடராஜன் என்ற விடையே வருகிறது. தறிக்கூலியின் மகனாகிய அவர், 2020 டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15-க்குள் ஆஸ்திரேலியாவில் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். இன்று ஆட்டமே ஒருவருக்குப் பிழைப்பாகலாம். அப்படியில்லாத காலத்து வீரர் ஒருவரைப்பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1869-லேயே சின்சினாட்டி நகரத்துப் பேஸ்பால் குழுவினர் வெளிப்படையாகச் சம்பளம் பெற்று ஆடினர். நம் நாட்டிலோ திறமையுள்ள ஏழை இளைஞனுக்கு யாரேனும் உத்தியோகம் தேடித் தரவேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம். ஜே. கோபாலனுக்கு அவ்வாறு உதவியவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. கோபாலன் கவலையின்றிப் பந்து வீசினார்.

1934 நவம்பர் 4-ஆம் நாள், சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. அதன் முதற்பந்தை வீசியவர் அவரே. மைசூர் 48, 59, சென்னை 130. ஆட்டம் ஒரே பகலில் முடிந்துவிட்டது! அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு டெஸ்டும் ஆடியிருந்தார்.

அவர் ஹாக்கியிலும் வல்லவர். 1935-ல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று வந்தார். மறு ஆண்டில்தான் சங்கடம் நேர்ந்தது. பெர்லின் ஒலிம்பிக்கும், கிரிக்கெட் குழுவின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தன. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கே மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு இடமில்லை. பெர்லினில் இந்திய ஹாக்கிக் குழு, ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் பெற்றது.

தவறான முடிவு என்று சொல்வார் உளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹாக்கியில் தம் ஆற்றலை ஏற்கெனவே காட்டிவிட்டவர், கிரிக்கெட்டில் ஒரே டெஸ்டுடன் நிற்க மனம் ஒப்பாதது இயல்பல்லவா? கப்பலேறும் நாளில் முடிவை யார் அறிவார்?

அதன்பின் அவருக்கு டெஸ்ட் ஆட்டம் வாய்க்கவில்லை. ஆயினும் 1950-களில் இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்போருள் ஒருவராக அமர்ந்தார். சென்னையும் இலங்கையும் 1952-53 முதல் ஆடிய கோப்பைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 2003 டிசம்பரில் சென்னையில் அவர் காலமானார்.