டாக்கில் யூ.எஸ்.பி. எங்கே பிறக்கிறது?

மடிக்கணினிக்கு வாங்கும் டாக்கின் அட்டைப் பெட்டியில் '40 ஜிகாபிட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். செருகுகிற எஸ்.எஸ்.டி.க்கும் அதே வேகம் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலர் பணம் கொடுக்கிறார்கள். கேபிளின் வேகத்தைவிட, யூ.எஸ்.பி.யை நடத்தும் கன்ட்ரோலர் சிப் கேபிளின் எந்த முனையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்பேன்.

2011இல் வந்த தண்டர்போல்ட்டும், 2015இல் யூ.எஸ்.பி.-சி வடிவத்துக்கு மாறிய அதன் 3ஆம் தலைமுறையும் தங்கள் அதிவேகப் பாதையில் யூ.எஸ்.பி.யைச் சுமக்கவே இல்லை. சுமந்தவை இரண்டு: திரைக்கான டிஸ்ப்ளேபோர்ட், கணினியின் உள்பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். யூ.எஸ்.பி. உருவானது டாக்குக்குள் இருந்த தனிக் கன்ட்ரோலரில். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தகைய டாக்கைச் செருகினால், பட்டியலில் புதிதாக ஒரு ஹோஸ்ட் கன்ட்ரோலர் முளைப்பதைப் பார்க்கலாம். 2019இல் வெளியான யூ.எஸ்.பி.4 இதைத் திருப்பிப் போட்டது. இதில் கன்ட்ரோலர் மடிக்கணினியிலேயே இருக்கிறது, யூ.எஸ்.பி. 3 தகவல் கேபிளுக்குள் தனக்கென ஒதுக்கிய பாதையில் போகிறது. டாக்கில் இருப்பது வெறும் ஹப். பெரும்பாலான டாக்குகளில் அந்தப் பாதையின் உச்சவரம்பு 10 ஜிகாபிட். நான்கு போர்ட் இருந்தால் நான்கும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வேகமான எஸ்.எஸ்.டி.க்களில் ஒரே நேரத்தில் கோப்புகளை எழுதும்போது வேகம் பாதியாகச் சரிவது அதனால்தான், கேபிள்மீது குற்றமில்லை. ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் பெருமையாக அச்சிடுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாமல் விடுவார்கள். கீபோர்டு, மவுஸுக்கு இந்தக் கவலை கிடையாது. அவை அனுப்பும் யூ.எஸ்.பி. 2 தகவலுக்கு அதே கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி தனியாக ஓடுகிறது.

அப்படியானால், இந்த ஒதுக்கிய பாதைக்குள் அடங்காத பழைய தண்டர்போல்ட் முறையே மேல் அல்லவா? வேகத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸை வெளியே நீட்டும்போது, கணினியின் மெமரியை நேரடியாகத் தொடும் உரிமையையும் சேர்த்தே வெளியே கொடுக்கிறோம். தீய நோக்கத்தோடு செய்த கருவி ஒன்று அந்த வழியாக மெமரிக்குள் கைவைக்க முடியும் என்பதை 2019இல் 'தண்டர்கிளாப்' ஆய்வு காட்டியது. அதற்குக் காவல் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட்டுவிட்டார்கள்; தண்டர்போல்ட் 4 கணினிகளில் அது கட்டாயம். ஆனாலும் யூ.எஸ்.பி.4 விதிகளின்படி, கணினிப் பக்கம் யூ.எஸ்.பி. 3 பாதை இருந்தே ஆக வேண்டும், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. மெமரிக் கதவைத் திறக்க விரும்பாத கருவியிலும் யூ.எஸ்.பி.4 டாக்கில் செருகிய பென் டிரைவ் வேலை செய்வது இதனால்தான். அதற்கு விலையாக 10 ஜிகாபிட் வரம்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.