தண்டவாளமே மின்கம்பி

மாதிரி ரயில் கட்ட உட்காருகிற எவருக்கும் ஆசை முதலில் போவது மலைமேலும் சுரங்கத்தின்மேலும் ஸ்டேஷன் கட்டடத்தின்மேலும்தான். வண்டி ஓடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வதோ, பலகைக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒயர். இந்த ரயிலுக்கு மின்சாரம் காலடியில் வருகிறது. ஒரு தண்டவாளம் கொண்டுவர, மற்றது திருப்பிக் கொண்டுபோக, இடையில் சக்கரங்கள் வழியே அதை வாங்கி மோட்டார் சுழல்கிறது.

பரவலாகக் கட்டப்படுவது ஹெச்ஓ அளவு. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் புதியவர்கள் 4 அடிக்கு 8 அடி பிளைவுட்டில், 18 அங்குல ஆரத்தில் வளைத்து ஒரு நீள்வட்டம் போடுவது வழக்கம். 85 அடிப் பயணிகள் பெட்டி இந்த அளவில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரும். அந்த வளைவில் அது பிதுங்கிக்கொண்டு திரும்பும், தடம் புரளவும் செய்யும். முதல் வண்டிக்குக் குட்டையான சரக்குப் பெட்டிகளே நல்லது.

பலகையில் கார்க் ஒட்டி, அதன்மேல் பாதையைப் பதிக்க வேண்டும். வளையும் பாதை சுமார் 3 அடித் துண்டுகளாகக் கிடைக்கிறது. வளைத்ததும் உள்பக்கத் தண்டவாளம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதை வெட்டிவிடலாம். இரண்டு துண்டுகள் சேரும் இடம் வளைவில் விழுந்தால்தான் சிக்கல், அங்கே ஒரு முடக்கு உண்டாகும். இரண்டையும் நேராக வைத்து சால்டர் செய்து, அதன்பிறகு வளைத்தால் முடக்கு விழாது. நேர்ப்பாதையில் மட்டும் சில இணைப்புகளை சால்டர் செய்யாமல் மயிரிழை இடைவெளி விடுங்கள். ஈரத்துக்கும் வறட்சிக்கும் மரம் விரிந்து சுருங்கும்போது, இடமில்லாத தண்டவாளம் நெளிந்துவிடும்.

இனி ஒயர். துண்டுகளைக் கோக்கும் சின்னத் தகடே மின்சாரத்தையும் கடத்திவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். புதிதில் கடத்தும். நாளடைவில் தகடு தளரும், அழுக்கும் பசையும் இறங்கும், வட்டத்தின் தொலைவான பக்கத்தில் என்ஜின் சோர்ந்துபோகும். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் ஒரு ஜோடி ஓடவேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய ஒயர் ஏறவேண்டும். வெட்டி வேலையாகத் தெரியும், ஆனால் இதில் மட்டும் சோம்பல் கூடாது. உள்வட்டத் தண்டவாளத்துக்குச் சிவப்பு என்றால் கடைசிவரை சிவப்பு. சால்டர் வைப்பது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில், ஏனென்றால் சக்கரத்தின் விளிம்பு உரசுவது உள்பக்கம். நன்றாகச் சூடான சால்டரிங் இரும்பை வைத்த வேகத்தில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை உருகிவிடும்.

வண்டி சுற்றி வந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும்படி வளையம் போட்டால் கவனம் தேவை. வலத் தண்டவாளம் போய் இடத் தண்டவாளத்தையே தொடும். உடனே ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, நடுப்பகுதிக்குத் தனி ஸ்விட்ச் கொடுக்கவேண்டும். அந்தப் பகுதி முழு வண்டியையும் கொள்ளும் நீளம் இருக்கவேண்டும்.

ஜல்லி கொட்டிப் பசை ஊற்றுவதற்கு முன்பு, இருப்பதிலேயே நீளமான வண்டியை மிக மெதுவாகப் பின்னோக்கித் தள்ளி ஓட்டுங்கள். தடம் புரளும் இடம், தயங்கும் இடம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பசை இறுகாதவரை திருத்துவது எளிது.