சிறு வெற்றிக்கு ஒரு சொல்

ஓசூரின் தொழிற்சாலைகளைக் கடந்து, தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், யானைகள் நடமாடும் வனத்தை அண்டிக் கிடக்கும் ஜவளகிரியில், தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டுமொழியாகக் கொண்ட ஒரு மாணவன், இராப்பொழுதில் கைப்பேசித் திரையில் பொறியியல் பாடம் கேட்பது இன்று அசாத்தியமான காரியமன்று; சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிப் பயிலலாம். அத்திட்டத்தில் என் சிந்தையைக் கவர்ந்தது, வாரந்தோறும் வரும் சிறு வினாத்தாள். 12 வாரப் பாடமாயின், அவற்றுள் சிறந்த எட்டின் சராசரியே கணக்கில் சேரும். அதற்கு 25 விழுக்காடு, தேர்வு மையத்தில் எழுதும் பரீட்சைக்கு 75 விழுக்காடு. மின்தடையாலோ ஷிப்டு வேலையாலோ ஒரு வாரம் தவறியவன் அதனாலேயே வீழ்ந்துவிடுவதில்லை என்பது எவ்வளவு கருணையான ஏற்பாடு! 60 பெற்றவனுக்கு 'எலைட்' என்றும், 90 பெற்றவனுக்கு அதனோடு 'கோல்டு' என்றும் சான்றிதழில் பொறிக்கிறார்கள்.

ஆயினும் பரிசு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்யப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னர் தாமாக வரையும் ஆர்வம் குன்றியது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்க்கு அக்குறை நேரவில்லை. ஆகவே, முன்பே அறிவிக்கப்பட்ட 'எலைட்', 'கோல்டு' முத்திரைகளைக் காட்டிலும், "போன வாரம் தப்பின இடத்தை இப்போ சரியாப் பிடிச்சிட்டியேப்பா" என்று ஆசிரியர் எதிர்பாராத வேளையில் அழைத்துச் சொல்லும் ஒரு வாக்கியம் மேலானதென்றே கருதுகிறேன்.