மஞ்சள் தீ: உப்பா, கரியா?

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் குப்பங்களில் கேஸ் அடுப்பு நீலமாகவே எரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் தீயில் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்துவிடும். "தீ மஞ்சளா எரியுது, பர்னரை மாத்துங்க" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். அந்த மஞ்சளுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்றால் கெடுதலில்லை, மற்றது உயிரையே எடுக்கக்கூடியது.

முதல் காரணம் உப்பு. அலை நுரையின் குமிழிகள் வெடிக்கும்போது சிதறும் நுண்துளிகள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளாகக் காற்றில் மிதக்கின்றன. அதிலுள்ள சோடியம் தீயின் வெப்பத்தில் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சளாக ஒளிர்கிறது. இதற்கு மிகச் சிறிய அளவு உப்பே போதும். ஒரு மில்லிகிராமை 30 லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைக்கூடத் தீயின் நிறமாலை காட்டிக்கொடுத்துவிடும் என்று 1860இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் அறிவியலாளர்கள் புன்சனும் கிர்க்காஃப்பும் கண்டறிந்தார்கள். கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள அந்த ஊர்க் காற்றிலேயே சோடியம் தென்பட்டது என்றால், பழவேற்காட்டுக் குப்பத்துச் சமையலறையைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது காரணம் காற்றுப் பற்றாக்குறை. நம் சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த வாயு. ஒரு லிட்டர் புரோபேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 லிட்டர் காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. ஜெட் எனப்படும் பித்தளை முனையின் நுண்துளையிலிருந்து வேகமாகப் பாயும் வாயு, பக்கத்துத் திறப்பு வழியே காற்றை இழுத்துக்கொண்டு பர்னரின் கலவைக் குழாய்க்குள் நுழைகிறது. அந்த வழி அடைபட்டால் கார்பன் முழுதாக எரியாமல் கரித்துகளாகிறது. அந்தத் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதுதான் இந்த மஞ்சள். கூடவே நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம், தீயையும் பாத்திரத்தின் அடியையும் பார்த்தாலே போதும். தீயின் உள்கூம்பு கூர்மையான நீலமாக நின்று, அதன்மேல் மஞ்சள் பொறிபோல் மின்னி மறைந்து, பாத்திரமும் சுத்தமாக இருந்தால் அது உப்பு. தீ நீண்டு, தளர்ந்து ஆடி, அடியில் கரி பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பழுதைத் தேட வேண்டும்.

தேடும்போது பலரும் பர்னர் மூடியின் துளைகளை மட்டும் குத்திவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கோளாறு அதற்குக் கீழே, கலவைக் குழாயில் இருப்பதும் உண்டு. உப்புக் காற்றில் இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து உதிரும். அடுப்பு சும்மா கிடந்தால் சிலந்தி வலை பின்னும். உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள பழைய பயண வண்டிகளில் மாதக்கணக்கில் பற்றவைக்காத புரோபேன் அடுப்புகளுக்கும் இதே தொல்லைதான். சிலந்தி கார்களைக்கூட விடவில்லை: 2011இல் மாஸ்டா நிறுவனம், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் சிலந்தி கூடு கட்டியதற்காக அமெரிக்காவிலும் அண்டை நாடுகளிலும் ஏறக்குறைய 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இப்படித்தான் சும்மா நிற்கின்றன. கேஸ் அடுப்போடு கடலுக்குப் போகும் படகென்றால், தடை முடிந்து புறப்படும் முன் அதன் குழாயையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகே கைவைக்க வேண்டும். பர்னரைத் தூக்கி எடுத்து, குழாயை மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்று அகன்றாலும் வாயு அதிகமாகப் பாய்ந்து மஞ்சள் கூடிவிடும். அடைத்த ஜெட்டை மாற்றுவதே நல்லது, விலையும் அதிகமில்லை. எல்லாவற்றையும் மாட்டியபின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மழைக்காலத்தில் வாடைக் காற்றுக்குப் பயந்து கதவு சன்னலை அடைத்துக்கொண்டு சமைக்கும் வீடுகளில் ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.