தாலி கட்டும் நேரத்தில் காலை வாரும் காமிரா! வாங்கும் முன் கண் வைத்துப் பாருங்கள்

தாமல்: கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். போட்டோகிராபர் பொத்தானை அமுக்குகிறார். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, படம் விழவில்லை. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்தாச்சு! "இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியுமா?

காஞ்சீபுரத்தை அடுத்த தாமல் போன்ற ஊர்களில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்குக் கட்டுப்படியாவது மலிவு விலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராதான். அதுவும் செகண்ட் ஹேண்ட். கடையில் எல்லாரும் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" கேட்க வேண்டியது வேறு.

மோட்டார் எங்கே?

நிக்கான் டி40 காமிரா 2006-ல் வந்தது. அதன் உடம்பில் போகஸ் மோட்டார் கிடையாது. 2018-ல் வந்த டி3500-லும் அதே கதைதான். மோட்டார் உள்ள லென்ஸ் போட்டால்தான் போகஸ் தானாக விழும். மலிவாகக் கிடைக்குதே என்று பழைய 50 எம்.எம். 1.8டி லென்சை மாட்டினால், கையால் திருக வேண்டியதுதான்.

கேனனில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் இ.ஓ.எஸ். காமிரா வந்தபோதே மோட்டாரை லென்சுக்குள் வைத்துவிட்டார்கள்.

சரிகையைப் பிடி!

டி3500-ல் போகஸ் புள்ளிகள் 11. கேனன் 1500டி-யில் 9. இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு, நெடுக்கு இரண்டு கோட்டையும் பார்க்கும். மற்ற புள்ளிகளுக்கு ஒரு திசைதான் தெரியும். பட்டுப்புடவையின் வெறும் உடலில் வைத்தால், பிடிக்க ஒன்றும் இல்லாமல் திணறும். சரிகைக் கரையில் நடுப்புள்ளியை வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். ஓரப்புள்ளி என்றால் காமிராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

வரதராஜப் பெருமாள் கோவில் வைகாசி கருட சேவை இன்னும் பெரிய சோதனை. விடியற்காலை மங்கல் வெளிச்சம். தொட்டாச்சாரியார் சேவையின்போது குடைகள் பெருமாளை ஒரு கணம் மறைத்து விலகும். புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் காமிராவிடமே விட்டால், முன்னால் உள்ள குடையில் போய் நிற்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, குடை மறைக்கும் முன்பே போகசைப் பூட்டிவிடுபவர்தான் கெட்டிக்காரர்.

பக்கத்து ஆள் கை

விலை கூடிய காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு முழுக் கண்ணாடிப் பட்டகம் இருக்கும். மலிவு காமிராவில் அதற்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள். எடை குறைவு, செலவு குறைவு. ஆனால் காட்சி மங்கல்.

டி3500, 1500டி இரண்டும் 95 சதவீதக் காட்சியைத்தான் காட்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்து ஆள் கை, படத்தில் வந்து நிற்கும்! இரண்டில் நிக்கானில் காட்சி சற்றுப் பெரிசு.

பழைய பிலிம் காமிராக்கள் பலவற்றில் நடுவில் பிளவு வட்டம் இருந்தது. இரு பாதியும் ஒட்டினால் போகஸ் சரி. இவற்றில் அது இல்லை. ஆகவே, "கையால் திருகிச் சமாளிச்சுக்கலாம்" என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

பணத்தை எண்ணும் முன் லென்சை மாட்டி, கடையின் இருட்டு மூலையை நோக்கிப் பொத்தானைப் பாதி அமுக்கிப் பாருங்கள். கண் வைக்கும் இடத்தின் ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும். உள்ளே எண்கள் தெளிவாகத் தெரியும் வரை அதைத் திருக வேண்டும். அதைத் தொடாமலே, "காமிரா மங்கலா இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.