சலூனில் கழுத்தைத் திருப்பி ‘நெட்டி’ எடுப்பது ஆபத்தா? உள்ளே நடப்பது என்ன?

முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ‘டக்’கென்று ஒரு திருப்பு. சத்தம் வந்தால் கழுத்தே லேசான மாதிரி இருக்கும். ஆனால், "இதை மட்டும் பண்ணிக்காதீங்க" என்கிறார்கள் நரம்பியல் மருத்துவர்கள். கழுத்து வலிக்கு பிசியோதெரபிஸ்ட்டும் கையால்தானே சிகிச்சை தருகிறார்? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பாதித் திருப்பம் ஒரே இடத்தில்

கழுத்தில் 7 எலும்புகள். முதல் எலும்பான அட்லஸ் மேல்தான் மண்டை ஓடு உட்கார்ந்திருக்கிறது. ‘ஆமா’ என்று தலையாட்டும்போது இந்த மூட்டுதான் முக்கியமாக அசைகிறது. ‘இல்லை’ என்று ஆட்டினால், இரண்டாவது எலும்பின் முளையை அச்சாக வைத்து அட்லஸ் சுழலும்.

தலையை ஒரு பக்கம் சுமார் 80 டிகிரி வரை திருப்பலாம். அதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்தில் நடக்கிறது. மீதியை கீழே உள்ள மூட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. இவை ஓட்டு வீட்டுக் கூரை போல சாய்வாக அடுக்கப்பட்டவை.

சிகிச்சைக்கு இது எப்படி உதவுகிறது?

கழுத்தை முழுக்கக் குனிய வைத்து, பிறகு மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார் பிசியோதெரபிஸ்ட். குனிந்த நிலையில் கீழ் மூட்டுகள் இறுகிவிடும். அப்போதும் ஒரு பக்கம் திரும்புவது குறைந்தால், மேல் மூட்டில் இறுக்கம் இருக்கலாம். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவுகிறது. பிறகு அந்த மூட்டை மட்டும் மெதுவாக அசைத்துத் தளர்த்துவார். கூடவே உடற்பயிற்சியும் உண்டு.

‘டக்’ சத்தம் எதனால்?

மூட்டு திடீரென விரியும்போது அதன் திரவத்தில் வாயு வெற்றிடம் உருவாகிறது. அந்தச் சத்தம்தான் இது. எலும்பு சரியான இடத்துக்கு வந்துடுச்சு என்று இதற்கு அர்த்தமில்லை.

ஆபத்து எங்கே?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் 2 தமனிகள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாக ஏறுகின்றன. அதிகம் சுழலும் அட்லஸ் அருகேதான் அவை வளைந்து திரும்புகின்றன. வேகமாக முறுக்கினால் தமனியின் உட்சுவர் கிழியலாம். அங்கே உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இது அரிதுதான், ஆனால் இளம் வயதினருக்கும் வரலாம். பயிற்சி பெற்றவர் செய்தாலும் வேகமான திருப்பலில் ரிஸ்க் பூஜ்யமாகிவிடாது.

முடக்குவாதம், எலும்பு தேய்மானம், சமீபத்திய விபத்து, கை மரத்துப்போவது போன்ற பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டாமல் கழுத்தில் கை வைக்க விடக்கூடாது.

இந்த அறிகுறிகள் வந்தால்...

நெட்டி எடுத்த பிறகு இதுவரை இல்லாத கழுத்துவலி, கடும் தலைவலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், நடை தள்ளாடுவது போன்றவை இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சில நாட்கள் கழித்து வந்தாலும் இதேதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால், தூங்கி எழுந்தா சரியாயிடும்னு காத்திருக்கக் கூடாது.